எகரமா, இகரமா

ஒஸ்லோ, 20 ஜனவரி 1980

அன்புள்ள ஒட்னி அக்கா,

தந்தி வந்து சேர்ந்திருக்கும். பெண் குழந்தை, ஒன்பதாம் தேதி பிறந்தாள். நானும் நன்றாக இருக்கிறேன். தலை நிறையக் கறுப்பு முடி. தார்யெய் வீட்டில் யாருக்கும் இல்லாத முடி. அவன் அம்மா குன்ஹில் தெலெமார்க்கிலிருந்து ரயிலேறி வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உதிர்ந்து பொன்னா முளைச்சிடும், கவலைப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் கவலைப்படவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வரும்போது கம்பளிச் சட்டைகளாகப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். நல்லவள்தான்.

அக்டோபரில் நீ போனை வைத்ததற்குப் பிறகு நாம் பேசவில்லை. ஆல்தா ஆற்றில் அணைக்கட்டு வேண்டாம் என்று நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் போட்டுப் பட்டினி கிடந்த நம் வடக்குப் பூர்வகுடிச் சாமியர் ஆட்களோடு நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் காட்டியிருக்கிறார்கள். உன் வீட்டுக் கூடத்தில் கோரெ அத்தானும் பார்த்திருக்கிறார். "உனக்கு வேற வேலையில்லையா" என்று கேட்டாய். நானும் ஏதோ சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய காலுறைகளோடு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்று பொட்டலத்தை உதறிப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அம்மாவின் பெயரை வைக்கப் போகிறேன். கல்லறையில் இருக்கிற கிறிஸ்தீனெ இல்லை, அப்பா அம்மாவைக் கூப்பிட்ட பெயர். ரிஸ்தென். நடுப்பெயராக உன் பெயர். ரிஸ்தென் ஒட்னி. சொல்லிப் பார், நன்றாக இருக்கிறது.

ஞானஸ்நானம் ஜூலையில், நம் ஊர்த் தேவாலயத்திலேயே. நீதான் ஞானத்தாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், போதகர் பெயரைக் கேட்கும்போது நீதான் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே.

உன் தங்கை,
யோருன்

•

ஸ்கார்விக், 6 பிப்ரவரி

யோருன்,

குழந்தை நலம் என்பதில் சந்தோஷம். முடி உதிராது. உனக்கும் உதிரவில்லை.

மற்றதற்கெல்லாம் பதில், மாட்டேன்.

அம்மாவின் பெயர் கிறிஸ்தீனெ. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இது: "கல்லுல கிறிஸ்தீனென்னே போடு. சின்னவ ஏதாச்சும் பேசுவா. நீ விட்டுக்கொடுக்காதே." நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது நீ கல்லை விட்டுவிட்டுப் பிள்ளையின் நெற்றியில் எழுதப் பார்க்கிறாய். செத்தவள் மறைத்து வைத்ததை எடுத்து வெளியே தொங்கவிட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

ஒஸ்லோவில் அந்தப் பெயர் சட்டையில் குத்திக்கொள்கிற வெள்ளிப் பொத்தான். "அடடே, எவ்வளவு அழகா இருக்கு, என்ன அர்த்தம்?" என்று உன் சிநேகிதிகள் கேட்பார்கள். இங்கே அது சட்டைக்குள் விழுந்த கங்கு. போன மாதம் ஆல்தா போகிற சாலையில் ஊர்ப்பெயரை இரண்டு மொழியிலும் எழுதிப் பலகை நட்டார்கள். மறுநாளே நம் மொழியில் எழுதியிருந்த பாதியில் துப்பாக்கிக் குண்டு ஓட்டைகள். சுட்டவன் யாரென்று எனக்குத் தெரியும். கூட்டுறவுக் கடையில் எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறவன்.

இன்னொன்று. மோனாவுக்குத் தெரியாது. பதினைந்து வயதாகிறது, அவளைப் பொறுத்தவரை நாம் நார்வேக்காரர்கள், அவ்வளவுதான். தாத்தா அடுப்பருகே உட்கார்ந்து முணுமுணுப்பதெல்லாம் பக்கவாதத்தில் வந்த உளறல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும். கோரெவுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேசாமலே நன்றாகத்தான் இருக்கிறோம்.

என் பெயரை அந்தப் பெயரோடு முடிச்சுப் போடாதே.

ஒட்னி

•

ஒஸ்லோ, 11 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மோனாவிடம் சொல்லவே இல்லையா? அப்பா பேசுவது உளறல் என்று நினைக்கிறாளா? அவர் அவளைக் கொஞ்சியிருப்பாரே அக்கா. இத்தனை வருடமும் அந்தப் பிள்ளையைக் கொஞ்சித்தானே பேசியிருப்பார்.

நீ எதிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. முழுக்கப் புரிகிறது என்று சொல்ல முடியாது. நீ என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். நான் போகவில்லை. ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு, அதை நீ இதுவரை கேட்டதில்லை. நீயும் அம்மாவும் சமையலறையில் நம் மொழியில் பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் உள்ளே நுழைந்ததும் சட்டென்று நார்வே மொழிக்கு மாறிவிடுவீர்கள். சில நாள் கதவுக்கு வெளியே குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒரு பண்டம் இருந்தது. எனக்கு அதில் துளிகூடக் கொடுக்கவில்லை. இப்போது என் பிள்ளைக்குத் தாலாட்ட என்னிடம் ஒரு வரி கிடையாது. வானொலியில் கேட்ட தெற்கத்திப் பாட்டைத்தான் பாடுகிறேன்.

அதனால் ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். நீ ஞானத்தாயாக வர வேண்டாம். பெயரை எப்படி எழுதுவது என்று சொல். இங்கே பல்கலைக்கழகத்தில் நம் மொழி படிக்கிற பையன் ஒருவனிடம் கேட்டேன். "புத்தகத்துல ரிஸ்தென்னு எகரம் போட்டுத்தான் எழுதுவாங்க. ஆனா கடற்கரைப் பக்கம் சில ஊர்ல இகரமாச் சொல்லுவாங்க. உங்கம்மா எப்படிச் சொன்னாங்க?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவின் பெயர், அக்கா! அப்பாவிடம் போனில் கேட்டேன். வாய் கோணிய பிறகு அவருக்குச் சொல்லின் கடைசிப் பகுதி தொண்டைக்குள்ளேயே போய்விடுகிறது. "ரிஸ்த்... ரிஸ்த்..." என்று நாலைந்து தடவை சொன்னார். அப்புறம் அவருக்கே அழுகை வந்துவிட்டது, நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

உயிரோடிருப்பவர்களில் அந்தப் பெயரைச் சரியாகக் கேட்டவள் நீ ஒருத்திதான். எகரமா, இகரமா? அதை மட்டும் ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிப் போடு.

தார்யெய் சமாதானம் பேசுகிறான். கிறிஸ்தின் என்று முதலில் வைத்துவிட்டு மற்றதை நடுவில் ஒளித்துவிடலாம் என்கிறான். குன்ஹிலோ தன் பெயர்தான் நடுப்பெயர் என்று முடிவே செய்துவிட்டாள். பின்னுகிற சட்டைகளின் கழுத்தில் இப்போதே அந்த முதலெழுத்தைப் போட்டு அனுப்புகிறாள்.

யோருன்

•

ஸ்கார்விக், 9 ஏப்ரல்

யோருன்,

அட்டை போடுவதாக இல்லை. ஆனால் நீ போனில் வைத்த நெருப்பு இங்கே பிடித்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்.

ஈஸ்டர் அன்று அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஆட்டுக்கறி. கோரெ நல்ல மனநிலையில் இருந்தார், மீன்பாடு பரவாயில்லை. அப்பா திடீரென்று கோப்பையைத் தூக்கினார். நடுங்குகிற கை, பாதி மேசைவிரிப்பில் கொட்டியது. "சின்ன ரிஸ்துக்கு" என்றார்.

மோனா சிரித்தாள். "ரிஸ்த்னா யாரு தாத்தா?"

"உன் பாட்டி. யோருன் பிள்ளைக்கு அவ பேரு."

"பாட்டி பேரு கிறிஸ்தீனெ தாத்தா. மறந்துட்டீங்களா?"

"அது போதகருக்குச் சொன்ன பேரு. இது எங்க பேரு. எங்க ஆளுங்க பேரு." அப்புறம் அவளைப் பார்த்து நம் மொழியில் நீளமாக ஒன்று சொன்னார். நான் எழுந்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை, அது நிறையத்தான் இருந்தது.

"அம்மா, தாத்தா என்ன சொல்றாரு?" என்றாள். கோரெதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்கம்மாவுக்குத்தான் புரியும், அவளையே கேளு. எல்லாம் ஒரே கூடாரத்து ஆளுங்கதானே." கேலியாகத்தான் சொன்னார். குடித்திருந்தார். ஆனால் சொல்லிவிட்டார்.

மோனா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துப் படித்துவிட்டாள். தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தாள், மேலங்கியை மாட்டினாள், தாத்தாவின் கையைப் பிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய மேட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகவில்லை. நான் சாப்பாடு கொண்டுபோனால் கதவைத் திறக்கிறாள், பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறாள், கதவை மூடுகிறாள்.

உனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு மகள் வேண்டியிருந்தது. உன் கணக்கில் எது பெரியது என்று நீயே பார்த்துக்கொள்.

ஒட்னி

•

ஒஸ்லோ, 24 ஏப்ரல்

அக்கா,

நேற்று போனில் நீ "உயிரோட இருக்காளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

மோனா இங்கே பத்திரமாக இருக்கிறாள். கரையோரக் கப்பலிலும் ரயிலிலும் வந்திருக்கிறாள், அப்பா கொடுத்த காசில். வாசலில் நின்றபோது எனக்கு யாரென்றே தெரியவில்லை. அவ்வளவு வளர்ந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெருமையாக ஏதேதோ பேசப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஒரு சிநேகிதியைக்கூட வரவழைத்திருந்தேன். மோனா என்னைத் தடுத்துவிட்டாள்.

"சித்தி, உங்களுக்குச் சந்தோஷமா இருக்கில்ல? எனக்கு இல்ல."

"எனக்குப் புரியுதுடா" என்றேன்.

"புரியாது. எங்க வகுப்புல ராவ்னான்னு ஒருத்தி இருக்கா. சாமியர் பொண்ணு, மேட்டுப் பக்கத்துலேருந்து வருவா. லாப்பச்சி, லாப்பச்சின்னு அவளைக் கூப்பிடுறதுல நான்தான் முதல் ஆளு. அவ சட்டைத் தொப்பிக்குள்ள மீன் குடலைப் போட்டது நான். அவ அதத் தலையில மாட்டிக்கிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அதிகமாச் சிரிச்சேன். இப்போ சொல்லுங்க, நான் யாரு?"

குழந்தை அழுதது. மோனாவே போய்த் தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இந்தப் பாப்பா உங்களை என்ன பண்ணுச்சு? இவளுக்கு எதுக்கு இந்தச் சுமை? நல்லா ஒரு பேரு வெச்சு விட்டுடுங்களேன்."

நீ கடிதத்தில் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னபோது பயம் வந்தது. இது பெரிய விஷயம், நியாயமான விஷயம் என்று கூட்டத்தில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். தொப்பிக்குள் மீன் குடல் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும் அக்கா. நானே கப்பலேற்றி அனுப்புகிறேன்.

யோருன்

•

ஸ்கார்விக், 4 மே

யோருன்,

பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்துக்குள் அனுப்பிவை. ஊர்வலத்தில் அவளைக் காணோம் என்றால் நூறு வாய் கேட்கும்.

நீ பயந்தாய் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது பிடித்தது. இது நாள்வரை உன் கடிதங்களில் பிடித்த வரி அது ஒன்றுதான். அதனால் ஒன்று சொல்கிறேன்.

என் இடது காது கேட்காது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மை வந்து போய்விட்டது என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அம்மையெல்லாம் இல்லை. விடுதியில் முதல் குளிர்காலம், எனக்கு எட்டு வயது. காதில் வலி. மேற்பார்வைக்காரியிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். அவள் குனிந்து, அன்பாகத்தான், "நார்வே மொழியில சொன்னாத்தான் எனக்குக் கேக்கும்" என்றாள். காதுக்கு நார்வே மொழியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கையைக் காட்டினேன். "கை காட்டக் கூடாது, வாயால சொல்லு" என்றாள். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். அப்புறம் ஒரு காலையில் தலையணையில் சீழும் ரத்தமும். அதோடு வலி நின்றுவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது.

கோடையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாள். அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு இந்த மொழி கிடையாது என்றாள். அந்த அடுத்த பிள்ளை நீ. உனக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவில்லை என்று எழுதுகிறாயே. உன் இரண்டு காதும் கேட்கிறதல்லவா?

ஒட்னி

•

ஒஸ்லோ, 8 ஜூன்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் விட்டுவிட்டேன். இப்போதும் தெரியவில்லை. படித்த அன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தார்யெய் வந்து என்ன ஆயிற்று என்றான். கடிதத்தைக் கொடுத்தேன். அவன் பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, படித்துவிட்டுத் திருத்த எடுத்த நோட்டுகளை மூடி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன் அக்கா. நிஜமாகவே. போதகருக்கு அனுப்ப வேண்டிய தாளில் கிறிஸ்தின் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மேலங்கிப் பையில் ஒரு வாரம் கிடந்தது. தபால்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் கை பைக்குள் போகும், வெறுங்கையாகத் திரும்பி வரும். ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவளை "கிறிஸ்தின்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த மேற்பார்வைக்காரி குனிந்து பேசியது போல இருந்தது என் குரல். நார்வே மொழியில் சொன்னால்தான் கேட்கும் என்பது போல. உறையைக் கிழித்துவிட்டேன்.

உன்னை மீறுகிறேன் என்று நினைக்காதே. நீ பட்டது நிஜம், ஊர் மாறவில்லை என்பதும் நிஜம். ஆனால் அம்மா ஒளித்து வைத்தது எனக்காக. என்னோடு அது முடியட்டும். சட்டப்படி அரை வருடத்துக்குள் பெயர் வைத்தாக வேண்டும். ரிஸ்தென் என்று எகரம் போட்டே எழுதிவிட்டேன், அந்தப் பையன் சொன்ன புத்தக வழக்குப்படி. நீ சொல்லாததால் வேறு வழியில்லை. நடுப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது.

ஜூலை ஆறாம் தேதி, ஞாயிறு. நீ தூக்குவாய் என்று இன்னும் நம்புகிறேன். இல்லையென்றால் மோனா தூக்குகிறேன் என்று எழுதியிருக்கிறாள். ஏன் மனசு மாறினாள் என்று கேட்டேன். "மாறல. ஆனா யாராச்சும் தூக்கணும்ல" என்று பதில் வந்தது.

யோருன்

•

ஸ்கார்விக், 20 ஜூன்

யோருன்,

நான் வரவில்லை. கேக் செய்து சபைக் கூடத்தில் வைத்துவிடுகிறேன்.

ஏன் என்று கேட்பாய். நேற்று மீன் ஆலையில் காபி வேளை. கோரெவின் தங்கை துரீத் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஏண்டி ஒட்னி, உங்க வீட்ல லாப்பு ஞானஸ்நானமாமே? பிள்ளையத் தண்ணியில முக்குவாங்களா, இல்ல கலைமான் பால்லயா?" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. ராவ்னாவின் அம்மா மூலை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. எனக்கு ஒரு காதுதான், அவளுக்கு இரண்டும் நன்றாகக் கேட்கும்.

இப்படிச் சிரிக்கிற வாயால் உன் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

மோனா அந்த ராவ்னாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாளாம். "உன் மன்னிப்ப நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாளாம் அவள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒட்னி

•

ஒஸ்லோ, 14 ஜூலை

அக்கா,

உன் வீட்டுக் கதவை இரண்டு தடவை தட்டினேன். முதல் தடவை யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கோரெ அத்தான் வந்து, "தூங்குறா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மத்தியானம் இரண்டு மணிக்கு. மறுநாள் எங்களுக்குக் கப்பல். அதனால் நேரில் கேட்க வேண்டியதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

நீ வந்ததை நான் பார்க்கவே இல்லை. மோனா குழந்தையோடு முன்னால் நின்றாள். போதகர் "குழந்தையின் பெயர் என்ன?" என்று கேட்டார். மோனா "ரிஸ்தென்" என்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் தொண்டையைச் செருமினார்கள். துரீத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். போதகர் தண்ணீரில் கையை வைத்துவிட்டார்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து, "ரிஸ்தின்!"

நீ இரைந்த மாதிரி இருந்தது. கேக் தட்டுக்கு மேல் போர்த்துகிற துணி இன்னும் உன் கையில் இருந்தது. போதகர் நிமிர்ந்து, "என்ன சொன்னீங்க?" என்றார்.

"ரிஸ்தின்னு சொன்னேன். இகரம். பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க."

மோனா உன்னைத் திரும்பிப் பார்த்தாள். மே மாதம் ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவள் உன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அப்புறம் போதகர் பக்கம் திரும்பி, தெளிவாக, "ரிஸ்தின்" என்றாள். அவரும் அப்படியே சொன்னார். அப்பா முன்வரிசையில் கோணிய வாயால் சிரித்துக்கொண்டே முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரைச் சாலையில் துணியை ஆட்டிக்கொண்டே வேகமாகப் போய்க்கொண்டிருந்தாய்.

போதகர் ஏட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்து சொல்லுங்கள், அப்புறம் மையால் எழுதுகிறேன் என்றார். நடுப்பெயரும் இன்னும் காலிதான்.

நிச்சயமாக இகரம்தானா அக்கா? நடுவில் உன் பெயரை இப்போதாவது போடலாமா? உனக்கு அங்கே என்ன ஆயிற்று? அதை முதலில் எழுது.

யோருன்

•

ஸ்கார்விக், 27 ஜூலை

யோருன்,

நான் திட்டம் போட்டு வரவில்லை. கேக்கைக் கூடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். தேவாலயக் கதவு திறந்திருந்தது. மகள் எப்படி நிற்கிறாள் என்று ஒரு நிமிடம் பார்க்கலாமென்று நின்றேன். அவள் தப்பாகச் சொன்னாள். பாத்திரம் இடம் மாறி இருந்தால் கை தானாகப் போய் எடுத்து வைக்குமல்லவா, அப்படி வாய் போய்விட்டது. சத்தமாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என் குரல் பாதிதான் கேட்கும்.

இங்கே என்ன ஆயிற்று என்றால், நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. கோரெ இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "அதை ஊர் முன்னாடி கத்தித்தான் சொல்லணுமா?" என்று கேட்டார். ஆமாம், எனக்கே அப்போதுதான் தெரிந்தது என்றேன். படுக்கையை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகை மாடிக்குப் போய்விட்டார். சாப்பாட்டு வேளைக்கு வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். நேற்று கிளம்பும்போது விறகை உள்ளே அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆலையில் துரீத் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். ராவ்னாவின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அவள் வரவில்லை. இத்தனை வருடம் ஒரே மேசையில் மீன் அறுத்தும் நான் அவளிடம் "சௌக்கியமா" என்று கேட்டதில்லை. அவள் எதற்கு வர வேண்டும்? தனியாகக் காபி குடிக்கிறேன். காபி அதே காபிதான்.

மோனா ராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறாள். சாயங்காலம் முழுக்க அப்பாவோடு மேட்டு வீட்டில். அவர் சொல்வதில் பாதி அவளுக்குக் கேட்பதில்லை, அதனால் திரும்பி வந்து என்னிடம் கேட்கிறாள். "இதுக்கு என்னம்மா? அதுக்கு என்னம்மா?" சிலது சொல்கிறேன். சிலது எனக்கே போய்விட்டது. நேற்று காதுக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என் முகம் அப்படி ஆனது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

இனி உன் கேள்விகள்.

இகரம்தான். சந்தேகமே வேண்டாம். நான் முரண்டு பிடித்தால் அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, "நீ ரிஸ்தினுக்குப் பொறந்தியா, இல்ல கடல் ஒதுக்கிட்டுப் போச்சா?" என்பாள். அந்தத் திட்டு எந்த எழுத்தில் முடிந்தது என்று எனக்கு மறக்குமா? உன் பல்கலைக்கழகப் பையன் புத்தகத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஸ்கார்விக்கில் அது ரிஸ்தின்.

கல்லறைக் கல்லில் கிறிஸ்தீனெ அப்படியே இருக்கும். அது அவள் வாய்விட்டுக் கேட்டது. அதைத் தொடலாம் என்று கனவிலும் நினைக்காதே.

நடுப்பெயருக்கு என் பெயர் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. ஒட்னி என்பது அம்மா ஒரு தெற்கத்திப் பத்திரிகையில் பார்த்து, யாரும் நம்மை அடையாளம் காணக் கூடாது என்று எனக்கு மாட்டிவிட்ட பெயர். நன்றாக உழைத்தது, என்னோடு இருக்கட்டும். குன்ஹில் என்று வைத்துவிடு. அந்த அம்மாள் தன் பேத்தியைத் தன் பேத்தி என்று பச்சையாகச் சொல்லிக்கொள்கிறாள், ஒன்றையும் ஒளிக்கவில்லை. முடியைப் பற்றித்தான் அவளுக்குத் தெரியாது. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும். ரிஸ்தின் குன்ஹில். சட்டைக் கழுத்தில் பின்னியதையும் பிரிக்க வேண்டியிராது.

நாளைக் காலை ஆலைக்குப் போகிற வழியில் போதகர் வீட்டில் நின்று, பென்சிலை அழித்து மையால் எழுதச் சொல்லப் போகிறேன். எழுதி முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பேன். அந்த மனிதர் எழுத்துப்பிழைக்குப் பேர்போனவர்.

உன் அக்கா